நடுவானில் அணைந்துபோன வெளிச்சமும் செயற்கைக்கோள் வேட்டையும்

கேள்வி இதுதான்: மாலை ஏழரை மணிவாக்கில் மொட்டைமாடியில் நின்றபோது வடமேற்கிலிருந்து ஒரு வெளிச்சம் சத்தமில்லாமல் ஏறி வந்தது. விமானம்போல மினுக்கவில்லை. தலைக்கு மேலே தாண்டித் தென்கிழக்கே பாதி தூரம் இறங்குவதற்குள், மேகமே இல்லாத வானத்தில் அப்படியே அணைந்துபோனது. அது என்ன? இதைத் தேடிப் பார்ப்பதை ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொள்ள முடியுமா, டெலஸ்கோப் வேண்டுமா? இணைய இணைப்பு தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் வந்து வானத்தை நிறைத்த பிறகும் இதில் சுவாரசியம் ஏதாவது மிச்சமிருக்கிறதா?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் சர்வதேச விண்வெளி நிலையம். "பெரும்பாலும்" என்று சொல்லக் காரணம், நாளும் நிமிடமும் ஊரும் தெரியாமல் எந்தச் செயற்கைக்கோளுக்கும் பெயர் சொல்ல முடியாது. அவை மூன்றும் இருந்தால் அநேகமாக எப்போதும் சொல்லிவிடலாம். என்னைக் கேட்டால் இந்தப் பொழுதுபோக்கே அதுதான். வானத்தில் நகரும் புள்ளியை யாரும் பார்க்கலாம். அது எது, எங்கிருந்து வந்தது, நாளை எத்தனை மணிக்கு எந்த நட்சத்திரத்தை ஒட்டிப் போகும் என்று சொல்ல முடிகிறபோதுதான் ஆட்டம் சூடுபிடிக்கும்.

அணைந்தது ஏன் என்பதற்கு வருகிறேன். செயற்கைக்கோளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. நமக்குப் பொழுது சாய்ந்த பிறகும் 400 கிலோமீட்டர் உயரத்தில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்த வெயில் அதன் உடம்பிலும் சூரியத் தகடுகளிலும் பட்டுத் தெறிப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் போய்விடும், பொருள் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். அடுத்த முறை பைனாகுலர் வைத்துக் கடைசி விநாடிகளைப் பின்தொடர்ந்து பாருங்கள். வெள்ளையாக இருந்தது செம்மஞ்சளாகி மங்கும். நிலையத்தில் இருப்பவர்களுக்கு அப்போது சூரியன் மறைகிறது. நமக்கு மாலைச் சூரியன் சிவப்பதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே, வெளிச்சம் காற்று மண்டலத்தின் தடித்த விளிம்பு வழியாக வருவது.

இந்த நிழல்தான் எப்போது மாடியேற வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மாலையில் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்க இறங்க, நிழல் கிழக்கிலிருந்து மேலே ஏறி வரும். 420 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு நேர் மேலே இருக்கும் ஒன்று இருட்டுக்குள் போக வேண்டுமானால் சூரியன் சுமார் 20 டிகிரி இறங்கியிருக்க வேண்டும். தமிழ்நாடு, இலங்கை அட்சரேகைகளில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால், அஸ்தமனமாகி 80 நிமிடம், ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடந்துவிடும். 550 கிலோமீட்டரில் இருப்பதற்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும். மேற்கு வானத்தில் தாழ இருப்பவை அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் தெரியும். ஆக, அஸ்தமனத்துக்கு அரைமணி கழித்து மாடியேறி, இரண்டு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். இரவுச் சாப்பாட்டுக்கு இடைஞ்சலே இல்லாத பொழுதுபோக்கு. ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருப்பவர்கள் எழுதும் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு ஜூன் மாத நள்ளிரவில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்காதீர்கள். அங்கே கோடையில் சூரியன் அடிவானத்துக்குச் சற்றே கீழே ஒளிந்திருப்பதால் இரவு முழுக்க விண்வெளி நிலையம் வரிசையாகத் தெரியும். நமக்கு அந்த வசதி இல்லை.

விடியற்காலையிலும் இதே அளவு நேரம் உண்டு, காட்சி மட்டும் தலைகீழ். அப்போது நிழல் மேற்கில் இருக்கும். வெற்று வானத்தில் திடீரென்று ஒரு புள்ளி முளைத்து, பிரகாசமாகிக்கொண்டே கிழக்கே போகும். விடிவெள்ளியைப் பார்த்தபடி நிற்கையில் பக்கத்தில் இப்படி ஒன்று முளைத்தால் முதல் தடவை கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும்.

எது செயற்கைக்கோள், எது இல்லை என்பதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. விமானத்தில் சிவப்பு, பச்சை விளக்குகளும் விட்டுவிட்டு அடிக்கும் வெள்ளை விளக்கும் இருக்கும். கொஞ்சம் பொறுத்தால் சத்தமும் வரும். எரிகல் ஒரு விநாடி, மிஞ்சினால் மூன்று நான்கு விநாடிகளில் முடிந்துவிடும். செயற்கைக்கோள் நிதானமாக, வளையாமல், வானத்தைக் கடக்க ஐந்து ஆறு நிமிடம் எடுத்துக்கொள்ளும். போகும் திசையும் துப்பு கொடுக்கும். பூமி சுழலும் வேகத்தை இனாமாகப் பெறுவதற்காகப் பெரும்பாலான ராக்கெட்டுகள் கிழக்கு நோக்கி ஏவப்படுகின்றன. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் வழக்கம். வடக்கு தெற்காகப் போவது பெரும்பாலும் இரு துருவங்களுக்கும் மேலாகச் சுற்றிப் பூமியைப் படம் எடுக்கும் செயற்கைக்கோள் (இனிச் சுருக்கமாகக் கோள்), அல்லது அதை ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் கடைசி அடுக்கு. நேர் கிழக்கிலிருந்து மேற்கே போவது அபூர்வம். அப்படி ஒன்றைக் கண்டால் இஸ்ரேலின் ஓஃபெக் உளவுக்கோள்கள் நினைவுக்கு வரவேண்டும். கிழக்கே ஏவினால் ராக்கெட் துண்டுகள் அண்டை நாடுகள்மேல் விழும் என்பதால் அவர்கள் மத்தியதரைக் கடலைப் பார்த்து மேற்கே ஏவுகிறார்கள். ஒரு நாட்டின் அரசியல் நிலவரம் ஒரு புள்ளி நகரும் திசையில் தெரிவது எனக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

டெலஸ்கோப் வேண்டாம். சொல்லப்போனால் தொந்தரவு: அதன் பார்வை வட்டம் சிறியது, நகரும் பொருளைப் பிடிப்பதற்குள் அது போய்விடும். விண்வெளி நிலையத்துக்கு வெறும் கண் போதும், சென்னை நடுவிலிருந்தும் தெரியும். அடுத்த கட்டத்துக்கு 7x50 அல்லது 10x50 பைனாகுலர் ஒன்று (முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம் மி.மீ.இல்). அதைவிட அதிக உருப்பெருக்கம் கையில் பிடித்தால் நடுங்கும். சாய்வு நாற்காலியோ பாயோ இருந்தால் நல்லது. அண்ணாந்து நின்றே பார்ப்பவர்களுக்கு இரண்டாம் நாளே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

எப்போது எது வரும் என்று சொல்ல ஹெவன்ஸ்-அபவ் என்ற பழைய தளம் இருக்கிறது, அதற்குச் செயலியும் உண்டு. ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட மென்பொருளிலும் பார்க்கலாம். முதலில் உங்கள் ஊரைச் சரியாகக் குறியுங்கள். "இந்தியா" என்று மட்டும் விட்டால் பயனில்லை, ஏனென்றால் இவை நமக்கு மிகவும் பக்கத்தில் இருக்கின்றன. மதுரைக்கு நேர் மேலே போகும் நிலையத்தைச் சென்னையில் இருப்பவர் தென்மேற்கில் 40 டிகிரி உயரத்தில்தான் பார்ப்பார். டிகிரி அளக்கக் கையே போதும்: கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் 10 டிகிரி. பட்டியலில் மேக்னிட்யூட் என்று ஓர் எண் வரும். அது சிறியதாக, கழித்தல் குறியோடு இருந்தால் பிரகாசம் அதிகம். வானத்திலேயே பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் -1.5, வெள்ளி கிரகம் -4 சுற்றுவட்டாரம். விண்வெளி நிலையம் நன்றாக உயரே வரும்போது வெள்ளிக்குச் சமமாக வந்துவிடும். நகரத்தில் இருப்பவர்கள் 2க்கு மேலான எண் உள்ளவற்றை முதல் வாரம் தொடவேண்டாம்.

அந்தக் கணிப்புகளுக்கு அடியில் இருப்பவை இரண்டு வரி எண்கள். டி.எல்.ஈ. என்று இந்த வட்டாரத்தில் சொல்வார்கள். சுற்றுப்பாதையின் சாய்வு, வடிவம், ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எந்த நேரத்துக் கணக்கு இது என்று எல்லாம் அந்த இரண்டு வரிகளில் அடங்கியிருக்கும். அமெரிக்க ராணுவத்தின் ரேடார்கள் அளந்து பட்டியலிடுகின்றன, டி.எஸ். கெல்சோ என்பவர் 1985 முதல் செலஸ்ட்ராக் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் தந்துவருகிறார். பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் உண்டு. விண்வெளி நிலையம் 25544. இரண்டாம் எண் உலகின் முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்-1. முதல் எண் அதைச் சுமந்து சென்ற ராக்கெட்டுக்குக் கிடைத்தது, அதுவும் நியாயம்தான்: 1957 அக்டோபரில் உலகமே மாடியேறி "ஸ்புட்னிக் போகிறது" என்று காட்டியது பெரும்பாலும் அந்த ராக்கெட்டின் மைய உடலைத்தான். ஸ்புட்னிக் 58 சென்டிமீட்டர் உருண்டை. நல்ல இருட்டில், கூர்மையான கண்ணுக்கே அது சிரமம்.

விண்வெளி நிலையத்தைப் பார்த்தாயிற்று என்றால் அடுத்து எதைப் பார்ப்பது? சீனாவின் தியான்கொங் நிலையம். முதல் பகுதி 2021 ஏப்ரலில் ஏவப்பட்டது. சர்வதேச நிலையத்தைவிடச் சிறியது, ஆனாலும் நகரத்திலிருந்து தெளிவாகத் தெரியும். அதன் பாதைச் சாய்வு 41.5 டிகிரி. சர்வதேச நிலையத்துக்கு 51.6. இந்தச் சாய்வு எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கோள் வடக்கிலும் தெற்கிலும் எந்த அட்சரேகைவரை தலைக்கு மேல் வரும் என்பதை அது சொல்லிவிடும்.

இங்கேதான் நமக்கு ஓர் அதிர்ஷ்டம். ஹபிள் தொலைநோக்கியின் சாய்வு 28.5 டிகிரி. 1990இல் புளோரிடாவிலிருந்து போனது, அந்த ஊரின் அட்சரேகையையே சாய்வாக எடுத்துக்கொண்டது. லண்டனில் இருப்பவருக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. நாகர்கோவிலிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவருக்குத் தலைக்கு மேலேயே போகும். சப்தரிஷி மண்டல நட்சத்திரங்கள் அளவுக்குத்தான் பிரகாசம், ஆனால் அந்தப் புகழ்பெற்ற படங்களையெல்லாம் எடுத்த பொருள் இதோ போகிறது என்று கைநீட்டிக் காட்டலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு விண்வெளி நிலையத்தைவிட இதில்தான் வாய் பிளக்கும்.

எனக்குப் பிடித்தவை செத்த ராக்கெட்டுகள். கோளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பல ஆண்டுகளாகக் கட்டுப்பாடில்லாமல் சுற்றும் கடைசி அடுக்குகள். சில குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே போகும். நீண்ட உருளை குறுக்காகத் திரும்பும்போது பளிச், முனை காட்டும்போது மங்கல். இந்த மினுக்கல் இடைவெளியைக் கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தில் பத்து மினுக்கலுக்கு அளந்து பத்தால் வகுத்தால், பூமியிலிருந்தபடியே ஒரு ராக்கெட்டின் சுழற்சி நேரத்தை அளந்துவிட்டீர்கள். சில மாதம் கழித்து அதே ராக்கெட்டை மறுபடி அளந்தால் எண் மாறியிருக்கும். சோவியத் காலத்து ஜெனித் ராக்கெட்டின் இரண்டாம் அடுக்குகள், ஒவ்வொன்றும் சுமார் 9 டன், 840 கிலோமீட்டர் வாக்கில் இன்னும் சுற்றுகின்றன. அவ்வளவு உயரத்திலும் நல்ல வானத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. அவற்றில் ஒன்று இன்னொன்றோடு மோதினால் என்னவாகும் என்பது விண்வெளிக் குப்பையை ஆராய்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. வீண் பயமும் அல்ல. 2009 பிப்ரவரி 10 அன்று சைபீரியாவுக்கு மேலே இரிடியம்-33 என்ற இயங்கும் கோளும் காஸ்மோஸ்-2251 என்ற செத்த ரஷ்யக் கோளும் மோதி ஆயிரக்கணக்கான துண்டுகளாயின.

இரண்டு புள்ளிகள் ஒரே இடைவெளியில் ஜோடியாகப் போவதைக் கண்டால் பறக்கும் தட்டு என்று யாருக்கும் போன் போடாதீர்கள். கடலில் போகும் கப்பல்களின் ரேடியோ அலைகளைக் கேட்டு இடம் கண்டுபிடிக்கும் அமெரிக்கக் கடற்படையின் கோள்கள் அப்படிச் சேர்ந்து பறக்கின்றன. 2001க்கு முந்தைய தலைமுறை மூன்று மூன்றாகப் பறந்தது. முக்கோணமாக நகரும் மூன்று நட்சத்திரங்களைப் பார்த்து அந்தக் காலத்தில் எத்தனை பேர் பயந்திருப்பார்கள்! இந்தக் கோள்களின் சுற்றுப்பாதை அமெரிக்க ராணுவத்தின் பொதுப் பட்டியலில் இருக்காது. அப்படியானால் செயலிகள் சில அவற்றை எப்படிக் காட்டுகின்றன? அதற்குப் பதில், இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள்.

விண்வெளி யுகம் தொடங்கும் முன்பே ஆரம்பித்த மரபு இது. 1956இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் வானியல் மையத்தில் ஃப்ரெட் விப்பிள் "மூன்வாட்ச்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஆசிரியர்கள், மாணவர்கள், கடைக்காரர்கள் என்று சாதாரண மக்கள் குழுவாக உட்கார்ந்து, சிறிய அகலப்பார்வைத் தொலைநோக்கிகளில் வானத்தின் ஒரு கோட்டைக் காவல் காப்பார்கள். ஏதாவது கடந்தால் நேரத்தைக் குறிப்பார்கள். விஞ்ஞானிகள் நம்பியிருந்த, கோள்களைப் படம்பிடிக்கும் பெரிய பேக்கர்-நன் கேமராக்கள் தயாராகும் முன்பே ஸ்புட்னிக் பறந்துவிட்டதால், ஆரம்ப நாட்களின் அளவீடுகளுக்கு இந்தத் தன்னார்வலர்கள்தான் கைகொடுத்தார்கள். பிறகு உலகம் முழுக்கப் பன்னிரண்டு இடங்களில் அந்தக் கேமராக்கள் வந்தன. அதில் ஒன்று நம் நாட்டில், நைனிடாலில். 1962 செப்டம்பர் 5 அன்று ஸ்புட்னிக்-4 எரிந்து விழுந்தபோது மில்வாக்கி மூன்வாட்ச் குழு அதைப் பார்த்தது. அதே விஸ்கான்சின் மாநிலத்தில் மானிடோவாக் நகரத் தெரு நடுவே 9 கிலோ எடையுள்ள உலோகத் துண்டு ஒன்று புதைந்து கிடந்தது. திட்டம் 1975இல் முடிந்தது, பழக்கம் முடியவில்லை.

இவர்கள் செய்யும் வேலையின் நுட்பம் எளிமையானது. கோள் இரண்டு நெருக்கமான நட்சத்திரங்களுக்கு இடையே புகும் அந்தக் கணத்தில் கடிகாரத்தை அழுத்த வேண்டும், இடைவெளியில் எத்தனையாவது பங்கில் புகுந்தது என்று மதிப்பிட வேண்டும். நட்சத்திரங்களின் இடம் துல்லியமாகத் தெரியும் என்பதால் கோளின் இடமும் தெரிந்துவிடும். விநாடிக்கு 7.7 கிலோமீட்டர் ஓடும் பொருள் இது. 420 கிலோமீட்டர் உயரத்தில், தலைக்கு மேல், ஒரு விநாடி பிசகினால் வானத்தில் ஒரு டிகிரி பிசகும். முழுநிலவு இரண்டை அடுக்கிய தூரம். பழகிய கை பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் அழுத்தும். வெவ்வேறு நாடுகளிலிருந்து இப்படிச் சில அளவீடுகள் சேர்ந்தால் போதும், ஒரு ரகசியக் கோளின் பாதையைக் கணக்கிட்டுவிடலாம். 2010 ஏப்ரலில் அமெரிக்க விமானப்படை ஏவிய எக்ஸ்-37பி என்ற ஆளில்லா விண்வெளி விமானம் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை. அடுத்த மாதமே இவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்னும் ருசியான கதை 2019இல் நடந்தது. ஈரானின் செம்னான் ஏவுதளத்தில் ஆகஸ்ட் 29 அன்று ஒரு ராக்கெட் ஏவும் முன்பே வெடித்தது. மறுநாள் அன்றைய அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த இடத்தின் மிகத் தெளிவான படம் ஒன்றை ட்விட்டரில் போட்டார். நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கோ லாங்புரூக்கும் வேறு சிலரும் படத்தில் விழுந்திருந்த நிழலிலிருந்து நேரத்தையும், வட்டமான ஏவுமேடை நீள்வட்டமாகத் தெரிந்த அளவிலிருந்து எந்தக் கோணத்தில் எடுத்தது என்பதையும் கணக்கிட்டார்கள். அந்த நேரத்தில் அந்தக் கோணத்தில் இருந்தது யூ.எஸ்.ஏ.-224 என்ற உளவுக்கோள். அதன் பாதை அரசுப் பட்டியலில் இல்லை, ஆனால் 2011இல் அது ஏவப்பட்டது முதல் மாடியிலும் தோட்டத்திலும் நின்று பார்த்தவர்களின் குறிப்பேடுகளில் இருந்தது. அதைவிட நெகிழ்வானது, கனடாவின் ஸ்காட் டில்லி 2018 ஜனவரியில் செய்தது. அவர் கண்ணால் பார்ப்பவர் அல்ல, ரேடியோ அலைகளைக் கேட்பவர். ஸூமா என்ற ரகசியக் கோளைத் தேடிக்கொண்டிருந்தபோது வேறொரு குரல் கேட்டது. அது 2005 டிசம்பரில் பேச்சை நிறுத்திவிட்டது என்று நாசா கைகழுவியிருந்த இமேஜ் என்ற அறிவியல் கோள். பத்து நாளில் நாசாவும் உறுதி செய்தது.

இனி ஸ்டார்லிங்க். 2019 மே 24 அன்று முதல் அறுபதும் ஏறின. அன்றிரவே அதே லாங்புரூக் லைடன் நகரத்திலிருந்து அவை சரம்போல் வரிசையாகப் போவதைப் படம்பிடித்தார், உலகம் முழுக்க ஓடியது. ஏவிய சில நாட்கள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருப்பதால்தான் அந்தச் சரம் தெரிகிறது. பிறகு ஒவ்வொன்றாக விலகி 550 கிலோமீட்டர் போன்ற உயரங்களுக்கு ஏறிவிடும். அங்கே போனபின் நகரத்து வானத்தில் வெறும் கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. வானியலாளர்கள் கூச்சல் போட்டதால் 2020இல் ஒன்றுக்குக் கருப்புப் பூச்சு அடித்துப் பார்த்தார்கள், பிறகு வெயில் படாமல் தடுக்கும் மறைப்பு வைத்தார்கள். மங்கியது, மறையவில்லை. காவலூர் வானாய்வகத்திலோ சிலியிலோ ஒரு மங்கலான விண்மீன் திரளைப் பல நிமிடம் படம் எடுப்பவருக்கு ஒவ்வொரு கோடும் சேதாரம். அவர்கள் கோபம் நியாயமானது. நம் பொழுதுபோக்கு அந்தக் கோள்களுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. சரத்தை ஒருமுறை கட்டாயம் பாருங்கள், அழகுதான். அதற்குப் பிறகு பட்டியலில் ஸ்டார்லிங்கை வடிகட்டி எடுத்துவிடுங்கள். ஆயிரக்கணக்கில் ஒரே மாதிரி இருப்பவற்றில் பெயர் சொல்லி அழைக்க எதுவும் இல்லை.

கூட்டமாக ஏவப்பட்ட கோள்கள் எல்லாமே சலிப்பூட்டுபவை என்று சொல்லிவிட முடியாது. 1997 முதல் ஏவப்பட்ட பழைய இரிடியம் தொலைபேசிக் கோள்களில் ஒவ்வொன்றிலும் கண்ணாடிபோல மூன்று ஆன்டெனாப் பலகைகள் இருந்தன. சூரியன், பலகை, உங்கள் மாடி மூன்றும் கோணம் கூடினால் சில விநாடிகளுக்கு -8 வரை ஒரு வெடிப்பு. பகலிலேயே பார்த்தவர்கள் உண்டு. விநாடி பிசகாமல் கணிக்க முடிந்ததால், விருந்தாளிகளைக் கூட்டிவந்து நிறுத்தி, "இதோ இப்போது அங்கே பார்" என்று மந்திரவாதி வேஷம் போட முடிந்தது. 2017 முதல் 2019 வரை புதிய தலைமுறை வந்து பழையவை ஒவ்வொன்றாக இறக்கப்பட்டன. புதியவற்றில் அந்தப் பலகை இல்லை. பெரிய இழப்பு.

நகராத கோள்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை, ஏனென்றால் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது வசதியான விளையாட்டு. தொலைக்காட்சி ஒளிபரப்பும் கோள்கள் 35,786 கிலோமீட்டரில், பூமத்திய ரேகைக்கு மேலே, பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானத்தில் ஒரே இடத்தில் நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். எங்கே பார்ப்பது? மாடியில் டி.டி.எச். தட்டு இருக்கிறதே, அது காட்டும் திசையில். தட்டு பார்ப்பதுபோலத் தோன்றும் உயரத்தைவிட உண்மையில் கோள் இருபது டிகிரிக்கு மேல் உயரத்தில் இருக்கும், அந்தத் தட்டுகளின் வடிவமைப்பு அப்படி. இந்தியக் கோள்கள் பல நிற்கும் 83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை, தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய உச்சி, கொஞ்சம் தெற்கே. திருச்சி அட்சரேகையில் இந்தக் கோள்களின் வரிசை வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகையை வானம்வரை நீட்டினால் வரும் கோடு) இரண்டு டிகிரி தெற்கே ஓடும். வேட்டைக்காரன் மண்டலத்தின் இடுப்பு வாரில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றில் கிழக்கே இருப்பதன் இடமும் அதுவே.

ஆகவே தை, மாசி மாத இரவுகளில் வேட்டைக்காரன் உச்சிக்கு வரும்போது கேமராவை ட்ரைபாடில் பூட்டி, 50 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து, இடுப்பு வாரைப் பார்த்து 30 விநாடிப் படங்களாக வரிசையாக எடுங்கள். நட்சத்திரங்கள் எல்லாம் கோடுகளாக இழுபடும். நடுவே அசையாத மங்கலான புள்ளிகள் சில தெரிந்தால், அவைதான். ஒரு படத்தில் தெரியாவிட்டால் பத்துப் படங்களைக் கணினியில் அடுக்கிப் பாருங்கள். மார்ச்சிலும் செப்டம்பர், அக்டோபரிலும், பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, இவை வழக்கத்தைவிடப் பல மடங்கு பிரகாசமாகும். அந்த நாட்களில் நள்ளிரவை ஒட்டி அதிகபட்சம் 70 நிமிடம்போல இவையும் பூமியின் நிழலுக்குள் போய் வரும். உங்கள் வீட்டு டி.வி. அப்போது பேட்டரியில் ஓடும் கோளிலிருந்து வருகிறது.

எச்சரிக்கை ஒன்று. கோளைச் சுட்டிக்காட்டப் பச்சை லேசர் வாங்கினால் விமானம் வரும் பக்கம் மறந்தும் நீட்டாதீர்கள், விமானியின் கண்ணைக் கூசவைக்கும். நகர்வது எதுவானாலும் லேசர் வேண்டாம், கையே போதும்.

தொடங்க நல்ல நாள் எது என்றால், விண்வெளி நிலையத்தின் பாதை சூரியனைப் பொறுத்து நாளுக்கு ஆறு டிகிரிபோலத் திரும்பிக்கொண்டே இருப்பதால் ஏறத்தாழ அறுபது நாளில் ஒரு சுழற்சி முடியும். சில நாள் மாலையில் தெரியும், பிறகு காணாது, பிறகு விடியற்காலையில் வரும். அதனால் இன்று பட்டியலில் ஒன்றும் இல்லை என்றால் செயலியை அழித்துவிட வேண்டாம், அடுத்த வாரம் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்ததும் கிடைக்கும் வானம் இதற்கு மிகவும் தோதானது. நீங்கள் அந்த வெளிச்சத்தைப் பார்த்த நாள் நினைவிருந்தால், ஹெவன்ஸ்-அபவில் தேதியைப் பின்னோக்கித் தள்ளி, உங்கள் ஊரைக் கொடுத்து, நிழலுக்குள் புகுந்த நிமிடம் பொருந்துகிறதா என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.